காதுக்குள் ஓடும் பொற்றாசியம்

நெளுக்குளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அண்ணனும் நானும் ஒரே அரிசி ஆலையில், ஒரே பொறிக்குப் பக்கத்தில் வேலை செய்தோம். அவருக்கு இப்போது பேச்சுக் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் ஏன் இந்த வித்தியாசம்?”

இரைச்சல் காதைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. வெனிஸ் நகரத்துக் கன்னார் செவிடாகிப் போவதை ராமசினி என்ற இத்தாலிய வைத்தியர் 1713 இலேயே எழுதிவிட்டார். எல்லோரும் ஒரே அளவில் செவிடாகாதது ஏன் என்பதுதான் புதிய கேள்வி. விடையின் ஒரு பங்கு பொற்றாசியத்தில் இருக்கிறது.

உட்காதிலுள்ள நத்தைச்சுருளின் நடு அறையில் பொற்றாசியம் செறிந்த திரவம் நிரம்பியிருக்கிறது. அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ +80 மில்லிவோல்ற்று. அதைக் கூரைமேல் வைத்த தண்ணீர்த் தாங்கி என்று எண்ணுங்கள். ஒலியை உணரும் மயிர்க்கலத்தின் உச்சி மயிர்களில் பைப்புகள் இருக்கின்றன. ஒலி மயிரைச் சாய்த்தால் பைப் திறக்கும், பொற்றாசியம் கலத்துக்குள் பாயும். அந்தப் பாய்ச்சல்தான் கேட்டலின் தொடக்கம். கலம் இதற்குத் தன் சக்தியைச் செலவழிப்பதில்லை. தாங்கியின் உயரமே வேலையை முடித்துவிடுகிறது. என்ன அழகான ஏற்பாடு! ஆனால் வந்தது தேங்கக்கூடாது. கலத்தின் அடியில் கேசிஎன்கியூ4 என்ற வடிகுழாய். அதற்கப்பால் தாங்கு கலங்களின் வாய்க்கால். ஓரச் சுவரில் எல்லாவற்றையும் திரும்ப மேலே ஏற்றும் மோட்டார். அங்கிருந்து தாங்கிக்கு ஏறும் கடைசிக் குழாயின் ஒரு துண்டுதான் கேசிஎன்இ1. அதே குழாய் இதயத்திலும் உண்டு. அதற்கான பரம்பரையலகின் இரு பிரதிகளும் பழுதாகப் பிறந்த பிள்ளைக்குக் காதும் கேட்காது, இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறும்.

நாள் முழுக்கப் பொறி இரைந்தால் பைப் மூட நேரமில்லை. வடிகுழாய் சற்று ஒடுங்கிய வீட்டில் வெள்ளம் குசினிவரை வந்துவிடும். கலத்துக்குள் கல்சியம் ஏறுகிறது, நச்சு ஒட்சிசன் மூலக்கூறுகள் பெருகுகின்றன, கலம் செத்துப்போகிறது. 4000 ஹேர்ட்ஸை அண்டிய மீடிறனைப் பிடிக்கும் புற மயிர்க்கலங்களுக்கே முதல் அடி. மெய்யெழுத்துகளை வேறுபடுத்தும் கூரிய ஒலிகள் பலவும் அந்த அயலில்தான் இருக்கின்றன. பறவைகளுக்கு இக்கலங்கள் மறுபடி முளைக்கும். நமக்கு முளைப்பதில்லை.

2006 இல் வெளியான ஓர் ஆய்வு, சுவீடனில் இரைச்சலில் உழைத்த 1,261 ஆண்களில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பத்து வீதத்தினரையும் நன்றாகத் தாக்குப்பிடித்த பத்து வீதத்தினரையும் ஒப்பிட்டது. வித்தியாசம் தென்பட்டது இந்தக் குழாய்களின் பரம்பரையலகுகளில். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் இவை வேறுபட்டு வாய்க்கலாம். போலந்துத் தொழிலாளரிடமும் கேசிஎன்இ1, கேசிஎன்கியூ4 இரண்டும் தலைகாட்டின. ஆனால் ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. பிறவிச் செவிட்டுக்குப் பேர்போன கொனெக்சின் 26 என்ற பரம்பரையலகின் ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவர்களை ஐரோப்பாவில் சோதித்தபோது, இரைச்சல் அவர்களைக் கூடுதலாகப் பாதித்ததாகத் தெரியவில்லை. ஆகவே “செவிட்டுத்தன்மைக்கான ஜீன் கண்டுபிடிப்பு” என்ற தலைப்புகளை நம்பாதீர்கள். உமிழ்நீரை அனுப்பினால் காதின் எதிர்காலம் சொல்கிறோம் என்பவர்களையும் நம்பாதீர்கள்.

எனக்குள்ள பயம் வேறு. அமெரிக்காவில் பர்லிங்டன் நோர்தர்ன் சாந்தா ஃபே ரயில் நிறுவனம், மணிக்கட்டு நோவென்று முறையிட்ட ஊழியர்களின் இரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமலே பரம்பரையலகுச் சோதனைக்கு அனுப்பியது. 2001 இல் வழக்கு வந்தபிறகுதான் விட்டது. நாளைக்கு ஆலைகளும் பொறியைத் திருத்தாமல் ஆளைப் பொறுக்க இறங்கலாம்.

எட்டு மணிநேரத்துக்கு 85 தெசிபெல் என்பது அமெரிக்கத் தொழில் நலத்துறை ஆய்வகம் பரிந்துரைத்த எல்லை. அந்த எல்லையிலேயே நாற்பது ஆண்டு உழைத்தாலும் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இரைச்சலால் காது கெடும் என்று 1998 இல் அவர்களே கணக்கிட்டார்கள். அண்ணனைப் போன்றவர்களுக்கு அந்த எட்டில் இடம் அதிகம். எல்லையை அப்படிப்பட்டவர்களின் காதுக்கு அளந்து வைக்கவேண்டும். மூன்று தெசிபெல் குறைந்தாலே காதில் விழும் சக்தி பாதியாகும். பொறிக்கு அடியில் இறப்பர் வைப்பதும், ஆட்களை முறை மாற்றி நிறுத்துவதும் அதற்கு உதவும்.

தம்பி, நீங்களும் அண்ணனோடு போய்க் காதைச் சோதித்துப் பாருங்கள். 4000 ஹேர்ட்ஸில் விழும் பள்ளம் பேச்சில் தெரிய வருடங்கள் எடுக்கும்.