இரவலும் ஸ்க்ரீன்ஷாட்டும்

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்தது. இதழை யார் முதலில் படிப்பது என்று வீட்டில் சண்டை. எல்லோரும் படித்து முடித்ததும் தொடர் வந்த பக்கங்களை மட்டும் பக்குவமாகக் கிழித்துச் சேர்ப்பார்கள். பாகம் முடிந்ததும் பைண்டரிடம் போகும். அவர் ஓரம் வெட்டும்போது சில வரிகளின் கடைசி எழுத்தும் சேர்ந்து போய்விடும். மணியத்தின் ஓவியங்கள், பின்பக்கத்தில் பாதியில் அறுந்து நிற்கும் ஏதோ ஒரு துணுக்கு, மேலே காலிகோ அட்டை. பழைய வீட்டுப் பரண்களில் இன்றும் அகப்படுகிற தொகுப்புகள் இவை. பக்கத்து வீட்டு மாமி வாங்கிப் போவார். அவருடைய நாத்தனார் அதை ஊருக்கே எடுத்துப் போய்விடுவார். திரும்பி வந்தால் அதிர்ஷ்டம்.

அன்றைய வாசகருக்குத் தெரிந்த விளம்பரம் இதுதான், பிரதியையே கையில் கொடுத்துவிடுவது. மிஞ்சினால் ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை. வாடகை நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பும்போது "பிரமாதம்" என்று ஒரு வார்த்தை சொன்னால், கடைக்காரர் அதை முன்வரிசைக்கு நகர்த்துவார்.

அதை எழுதிய கல்கிக்காவது பத்திரிகையின் பலம் இருந்தது. 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அப்படிப்பட்ட புத்தகம் ஓர் ஊரில் பரவ வேண்டுமென்றால், பிடித்துப்போன ஆசிரியர் எவராவது வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

இரவலில் ஒரு சங்கடம். பத்துப் பேர் படித்தாலும் விற்றது ஒன்றுதான். ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடித்துவிட்டுப் பதிப்பாளர் நூலக ஆணைக்குக் காத்திருப்பார். இருப்பு தீர்ந்தபின் பத்துப் பேர் வந்து கேட்டாலும், இன்னோர் ஆயிரத்துக்கு முதல் போடத் துணிவு வராது.

இப்போது 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஐம்பது பிரதிகூட அடிக்கலாம். ஆகவே பத்துப் பேர் கேட்பது இன்று பெரிய விஷயம். சென்னைப் புத்தகக் காட்சியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், கண்ணால் பார்க்கலாம். கல்லூரிப் பெண் ஒருத்தி கைபேசியை நீட்டுகிறாள்: "அண்ணா, இந்தப் புக் இருக்கா?" யாரோ இன்ஸ்டாகிராமில் போட்ட அட்டைப்படம், கீழே மூன்று வரி. "காலைலேர்ந்து நாலாவது ஆளும்மா நீ. நாளைக்கு வந்துடும்" என்கிறார் ஸ்டால்காரர். பில் புத்தகத்தின் பின்அட்டையில் தலைப்பைக் குறித்துக்கொள்கிறார்.

அந்த மூன்று வரிதான் வேலை செய்தது. காபி டம்ளருக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்து எடுத்த படமும், "மிகச் சிறப்பு, அவசியம் வாசியுங்கள்" என்ற வாசகமும் யார் பணப்பையையும் திறக்காது. எதைப் பற்றிய புத்தகம், எந்த இடத்தில் கீழே வைக்க முடியவில்லை, யாருக்கு ஒத்துவராது, இவற்றைச் சொல்ல வேண்டும். பதிப்பகத்தின் பெயரைப் பாதிப் பேர் எழுதுவதே இல்லை. பிறகு வாங்க நினைப்பவர் எங்கே போய்த் தேடுவார்?

வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் தட்டிவிடுகிற அன்பர்கள் தனி ரகம். கேட்டால், அந்தக் காலத்து இரவல் மாதிரிதானே என்பார்கள். இரவல் கொடுத்தவர் தன் பிரதியை இழக்கத் தயாராக இருந்தார். இவருக்கு ஓர் இழப்பும் கிடையாது. எல்லாம் எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும்தான்.

இன்னொன்று, சென்னைக் காட்சி நடக்கும் ஜனவரியில் எல்லோரும் ஒரே சமயத்தில் கூவுகிறோம். அந்த இரைச்சலில் எந்தக் குரலும் தனியாகக் கேட்பதில்லை. ஈரோட்டுப் புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வரும். பிடித்த புத்தகத்தைப் பற்றி ஜூலையில் நாலு வரி எழுதினால், அங்கே கிளம்புகிற பெட்டியில் அதையும் பத்துப் பிரதி சேர்த்துக் கட்டுவார்கள்.