முருங்கை மரத்து வேதாளமும் பாலர் படநூலும்

‘வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியது’ என்னும் மரபுத்தொடரின் பொருளை மனனம் செய்துள்ள மாணவர் பலர். அது ஏன் மரம் ஏறியது என வினவினால் விடை கூறுவோர் சிலரே. கதை மறைந்து, தொடர் மட்டும் எஞ்சியுள்ளது. பொங்கோல் போன்ற புதுநகரில் வளரும் குழந்தை முருங்கைக்காயைச் சாம்பாரில் கண்டிருக்கும்; மரத்தைக் கண்டிருப்பது அரிது. இக்கதையைப் பாலர் பள்ளிப் பருவத்திலேயே படநூலாக அளிக்கலாம் என்பது நம் கருத்து.

விக்கிரமாதித்தன் நள்ளிரவில் சுடுகாடு சென்று, மரத்தில் தொங்கும் உடலை இறக்கித் தோளில் சுமந்து நடக்கிறான். உடலினுள் புகுந்த வேதாளம் ஒரு கதை சொல்லி, முடிவில் வினா எழுப்புகிறது. விடை அறிந்தும் கூறாவிடில் மன்னனின் தலை வெடிக்கும். கூறினாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்திற்கே மீளும். 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் அம்மரம் சிம்சபா எனப்படுகிறது. தமிழர் அதனை முருங்கையாக்கிக் கொண்டனர். முருங்கையில் பேய் உறையும் என்பது நாட்டார் நம்பிக்கை. எளிதில் முறியும் அம்மரத்தில் சிறுவர் ஏறாதிருக்கப் பெரியோர் கட்டிய உத்தியாகவும் அஃது இருக்கலாம்!

இவ்வச்சத்தைக் குழந்தைக்கு ஏற்ற அளவில் ஓவியமாக்க இயலும் என்பதற்கு, 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழே சான்று. ஓவியர் சங்கர் தீட்டிய படத்தில் மன்னன் உருவிய வாளுடன், தோளில் பிணத்தைச் சுமந்து, தளராது நடப்பான். பேய் அஞ்சத்தக்கதே; ஆனால் நடப்பவன் அஞ்சவில்லை. பார்க்கும் குழந்தை அவன் பக்கம் நின்றுகொள்கிறது. வேதாளத்தைச் சிரிக்கும் பொம்மையாக்கிவிட்டால் மன்னனின் துணிவுக்குப் பொருளில்லாது போகும்.

இருபத்தைந்து கதைகளுள் பல கொலையும் காமமும் பற்றியவை, சிறார்க்கு ஒவ்வா. மூன்று மெல்லியலாராகிய அரசியரின் கதையோ மிகப் பொருத்தமானது. ஒருத்தி மடியில் தாமரை விழுந்ததும் புண்படுகிறாள். ஒருத்தியை நிலவொளி சுடுகிறது. இன்னொருத்திக்குத் தொலைவில் உலக்கை இடிக்கும் ஓசை கேட்டே கைகள் கன்றிவிடுகின்றன. இவர்களுள் மிக மெல்லியள் யார்? வினாவை ஒரு பக்கத்தில் நிறுத்தி, விடையை மறுபக்கத்தில் வைத்தால், தாளைப் புரட்டுமுன் குழந்தைகளே தமிழில் வாதிடுவர். விடை வந்ததும் வேதாளம் பறக்கும். மறுமுறை வாசிக்கையில், ‘ஏறியது’ என்னும் சொல்லை ஆசிரியர் கூறுமுன் அவர்களே கூறுவர்.

உள்ளூர்ப் பேய்க்கதைகளையும் இவ்வாறே படநூலாக்கலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். தெரிவில் கவனம் வேண்டும். பொங்கோல் முனைக் கடற்கரையைப் பற்றியும் ஆவிக் கதைகள் உண்டு. அங்கு 1942 பிப்ரவரி 28இல் சுமார் 300 முதல் 400 வரையிலான சீனர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். அது வளர்ந்த மாணவர்க்கு வரலாறாகவே கூறத்தக்கது. வேதாளத்தின் பொருட்டுத் துயருறும் குடும்பம் எதுவுமில்லை. அக்கடற்கரையில் மாண்டோர்க்கு உண்டு.