பழைய கமவீட்டின் வெளிப்புறத்தைத் திருத்துதல்

வலிகாமத்துச் செம்மண் ஊர்களிலே தோட்டத் தறைகளின் நடுவே நிற்கும் பழைய கமவீடுகள் பெரும்பாலும் அவ்வூர் நிலத்திலிருந்தே எழும்பியவை. கிணறு வெட்டும்போது பெயர்த்த சுண்ணக்கல்லால் சுவர் எழுப்பினர். அக்கல்லையே சூளையிலிட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். வளவில் நின்ற முதிர்ந்த பனையைத் தறித்துக் கூரைக்குச் சலாகை அரிந்தனர். இத்தகைய வீடு குடும்பம் வசிக்கும் இடம் மாத்திரமன்று. அடுத்த போகத்துக்கான விதை வெங்காயம் பிடிபிடியாகக் கட்டப்பட்டு அதன் விறாந்தைச் சலாகைகளிலேயே தொங்குகின்றது. சுவரில் ஈரம் ஏறினால் முதலில் அழுகுவது அந்த விதையேயாகும்.

இப்பகுதியிலுள்ள ஒரு கமக்காரக் குடும்பம் கடந்த ஆண்டு மாரியில் தன் விதை வெங்காயத்தில் ஏறக்குறைய அரைவாசியை இவ்வாறு இழந்தது. வீடு குடும்பத்தலைவரின் பாட்டனார் காலத்தது. 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது பூட்டிவிட்டுச் சென்று, 1996 இல் திரும்பியபொழுது சுவரெங்கும் சன்னம் பட்ட துளைகளும், வடகிழக்கு மூலையில் ஒரு பெரிய வெடிப்பும் காணப்பட்டன. அவசரத்தில் அவற்றைச் சீமெந்தினால் அடைத்தனர். பின்னர் வாடைக்காற்று மழையை அறையும் பக்கம் முழுவதற்குமே சீமெந்து பூசினர். அதன்பின்னரே ஈரம் அதிகரித்தது. வீட்டை இடித்துப் புதிதாய்க் கட்டுவதா, திருத்துவதா என்ற பேச்சு எழுந்தபோது, இடிக்கும்படி கூறியவர்களே அதிகம். கையிலிருந்த பணமோ அத்திவாரத்துக்கும் போதாது. எனவே கணவன், மனைவி, கணவனின் தாயாகிய ஆச்சி, பதினாறு வயது மகன், பன்னிரண்டு வயது மகள் ஆகிய ஐவரும் வைகாசியில் வேலையைத் தொடங்கி, ஐப்பசி மழைக்குமுன் முடிப்பதென்று தீர்மானித்தனர்.

சீமெந்து பூசிய சுவரில் ஈரம் ஏறியது ஏன் என்பதை விளங்கிக்கொள்ளாமல் எவரும் இவ்வேலையில் இறங்குதல் கூடாது. சுண்ணக்கற் சுவர் நிலத்திலிருந்து நீரை உறிஞ்சும் இயல்புடையது. சுண்ணாம்புச் சாந்து நுண்துளைகள் நிறைந்ததாகையால் உறிஞ்சப்பட்ட நீர் அதனூடாக வெளியேறிக் காற்றில் உலர்ந்துவிடும். சீமெந்துப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுகின்றது. வெளியேற முடியாத நீர் மேலும் உயர ஏறி உட்புறமாகக் கசிகின்றது. அதனுடன் வந்த உப்பு பூச்சின் பின்னே பூத்து, நாளடைவில் பூச்சைத் தகடு தகடாகக் கழற்றும். கல்லின் முகமும் அதனோடு பெயர்ந்து வரும். பழைய சுவரின் வெடிப்பைச் சீமெந்தினால் அடைப்பது எளிது, உறுதி என்று எண்ணுவது பெருந்தவறு.

முதல் வேலை சுவரிலன்று, நிலத்திலேயே நடைபெற்றது. ஆண்டுதோறும் முற்றம் கூட்டிய மண்ணும் குப்பையும் சுவரோரம் ஒதுங்கி, பூக்கன்றுப் பாத்திகளும் சேர்ந்து, அத்திவாரக் கட்டின் மேல்விளிம்புக்கு மேலாகவே மண் உயர்ந்திருந்தது. அதன்மேல் இரண்டு வாழைகளும் நின்றன. மண்ணை ஓரடி ஆழம்வரை வெட்டி அகற்றி, சுவரிலிருந்து மூன்றடி தூரத்துக்கு வெளிப்புறமாகச் சரிவு கொடுத்தனர். வெட்டிய மண் கொழுத்த மண்ணாகையால் கத்தரிப் பாத்திகளுக்குச் சென்றது. மகனும் மகளும் பத்து நாள் செய்த இவ்வேலைக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. மற்றெல்லா வேலைகளையும்விடப் பயன் தந்தது இதுவேயெனலாம்.

அடுத்துக் கூரை. பனஞ்சலாகையின் வைரம் எளிதில் உக்குவதில்லை. ஆயினும் சுவருக்குள் புதைந்துள்ள அதன் நுனி ஈரத்தால் உக்கும். ஒவ்வொரு சலாகையையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். கணீரென்ற ஓசை நல்ல மரத்துக்கு அடையாளம். மந்தமான ஓசை கேட்டால் அங்கே கறையானோ உக்கலோ உண்டு. நான்கு சலாகைகளை ஓடாவி மாற்றினார். உடைந்த ஓடுகளை மாற்றியபோது ஆவணிச் சோளகம் பலமாக வீசியமையால், ஒரு நாளில் கழற்றிய பகுதியை அன்றே மூடினர். கறையானுக்குக் கழிவெண்ணெய் ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றுவது எதுவும் வெடிப்புகளூடாகக் கிணற்றைச் சென்றடையும் என்பதை அவர்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும். மாட்டுக்கொட்டிலில் மாற்றிய பழைய பனையோலையோ வீணாகவில்லை. முன்னோர் செய்தவாறே தோட்டத்தில் புதைக்கப்பட்டது.

சுவரைத் தட்டிச் சீமெந்தைக் கழற்றும் வேலை ஒரு மாதம் பிடித்தது. உளியைச் சாய்வாகப் பிடித்து மெதுவாகத் தட்டாவிடின் கல் நொறுங்கும். வெடிப்பில் முளைத்திருந்த அரசங்கன்றை மேலாக வெட்டியதோடு நில்லாது, கல்லைக் கழற்றி வேரையும் எடுத்தனர். மிச்சம் விட்ட வேர் அடுத்த மாரியில் மீண்டும் துளிர்க்கும்.

சுண்ணாம்பு நீற்றுவது பெரியோர் மாத்திரம் செய்யவேண்டிய வேலை. தொட்டியில் முதலில் நீரை நிரப்பிச் சுட்ட சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அதில் இடல் வேண்டும். நீர் கொதித்துத் தெறிக்கும். கண்ணிற் பட்டால் உடனே நிறைந்த நீரால் நெடுநேரம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுதல் அவசியம். நீறிய சுண்ணாம்பை நீரின் கீழ் இரண்டு வாரமாவது வைத்திருத்தல் நன்று. நாட்பட நாட்பட அது வெண்ணெய் போலாகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்க்கலாம். கடற்கரை மணல் ஆகாது. அதிலுள்ள உப்பே சுவரைத் தின்னும்.

முதல் நாள் பூசிய சாந்து மறுநாள் மாலையில் வெடித்து உதிர்ந்தது. மேசன் சாந்தைக் குறை கூறினார். விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சியே காரணத்தைச் சொன்னார்: “சுவருக்கு முதலில தண்ணி குடுக்கவேணும், தம்பி. காய்ஞ்ச சுவர் சாந்தில இருக்கிற தண்ணியைக் குடிச்சுப்போடும்.” அதன்பின் மாலையிலும் காலையிலும் சுவரை நனைத்து, அரையங்குலத்துக்கு மேற்படாத கனத்தில் பூசி, சோளகம் உலர்த்தாதவாறு ஈரச்சாக்குகளைத் தொங்கவிட்டனர். சாக்குகளை நாளுக்கு மூன்று முறை நனைக்கும் பொறுப்பு மகளுடையது. சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாவதனாலாகும். அதற்குக் காலமும் ஈரமும் வேண்டும்.

வெள்ளையடிப்பதிலும் அவசரம் கூடாது. பாலைப்போல் நீர்த்த சுண்ணாம்பைத் தும்புத் தூரிகையால் பூசும்போது சுவர் வெளுக்காது; உலர்ந்த பின்னரே வெண்மை தெரியும். இதை அறியாதவர் கட்டியாகப் பூசுவர். அது பொருக்காக உதிரும். இக்குடும்பத்தார் நாளொன்றுக்கு ஒரு முறையாக ஐந்து முறை பூசினர். ஐந்தாம் முறை முடிந்தது புரட்டாதிக் கடைசியிலாகும்.

ஐப்பசியின் முதற் பெருமழை இரண்டு நாள் ஓயாது பெய்தது. சுவரிலிருந்து விழுந்த நீர் சரிவின் வழியே ஓடித் தென்னையடிக்குச் சென்றது. வடகிழக்குச் சுவரின் உட்புறம் உலர்ந்தேயிருந்தது. மேற்குப் பக்கத்தில், குளிக்கும் நீர் ஓடும் வாய்க்காலுக்கு அருகே மாத்திரம், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் தோன்றிற்று. அவ்வாய்க்காலை அடுத்த வைகாசியில் வாழைத் தோட்டத்தின் பக்கம் திருப்புவதாகத் தீர்மானித்து, அதுவரை விதை வெங்காயப் பிடிகளை வடகிழக்கு விறாந்தைக்கு மாற்றித் தொங்கவிட்டனர்.