பெயர் தெரிந்தால் பாதி வைத்தியம்

மூலிகைகளின் சாற்றை உறிஞ்சும் சிலந்திப் பேன்களுக்கு ஜாதகம் கணிக்கிறது பெங்களூரு

சாலையோரப் புங்க மரத்தின் இலையைப் பறித்துப் பாருங்கள். சில இலைகளில் குட்டி விரல்களைப்போலப் புடைப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏதோ பூச்சியின் வேலை என்று தோன்றும். ஆனால் உள்ளே குடியிருப்பது பூச்சி அல்ல, சிலந்திப் பேன். நீளம் கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது.

பூச்சிக்கு ஆறு கால். வளர்ந்த சிலந்திப் பேனுக்கு எட்டு. புங்க இலையில் வாழும் எரியோஃபைட் வகைக்கோ புழுப் போன்ற உடல், நான்கே கால்கள். அமுக்கராவைத் தாக்குவது எட்டுக் கால் ரகம். இலையின் அடியில் நூலாம்படை பின்னிச் சாற்றை உறிஞ்சும். இலை புள்ளி புள்ளியாக வெளிறிக் காயும்.

ஆளைத் தெரியாமல் மருந்தடித்தால் ஆபத்து. பல பூச்சிக்கொல்லிகள் இந்தப் பேன்களை ஒன்றும் செய்வதில்லை. மாறாக, இவற்றைப் பிடித்துத் தின்னும் நல்ல பேன்களைக் கொன்றுவிடுகின்றன. எதிரி ஒழிந்ததும் பேன் முன்னைவிடப் பெருகுகிறது. மூலிகையில் இன்னொரு விபரீதமும் உண்டு: இலையில் தங்கிய நஞ்சு கஷாயத்தோடு நோயாளியின் வயிற்றுக்குப் போகும்.

அடையாளம் காண்பது லேசான காரியமல்ல. பேனைக் கண்ணாடி வில்லையில் பதித்து, நுண்ணோக்கியின் கீழ் முதுகுத் தகட்டின் கோடுகளையும், கால் நுனியில் உள்ள இறகு போன்ற நகத்தின் கிளைகளையும் எண்ண வேண்டும். நூலாம்படை பின்னும் வகையில் பெண் பேன்கள் பலவும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். ஆண் கிடைத்து, அதன் இனப்பெருக்க உறுப்பின் வளைவைப் பார்த்தால்தான் இனம் உறுதியாகும்.

இந்தக் கலையில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனிப் பாரம்பரியம் உண்டு. இந்திய எரியோஃபைட் பேன்களைப் பற்றி ஜி.பி.சன்னபசவண்ணா எழுதிய நூலை 1966-ல் அது வெளியிட்டது. துவரையைப் பூக்கவிடாமல் மலடாக்கும் தேமல் நோயைப் பரப்பும் பேனுக்கு அந்த ஆண்டு அவர் சூட்டிய பெயர்தான் இன்றும் வழங்குகிறது. 1986-ல் உலகப் பேன் ஆய்வாளர்களின் ஏழாவது மாநாடும் பெங்களூருவில்தான் நடந்தது.

பெயர் வைத்து என்ன லாபம்? தென்னை விவசாயிகளுக்குத் தெரியும். 1998-ல் கேரளத்தில் தேங்காய்களைச் சொறிபிடிக்க வைத்த பேன், மெக்சிகோவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1965-லேயே பெயரிடப்பட்டிருந்தது. ஆள் யாரென்று தெரிந்ததும் வெளிநாட்டு அனுபவங்கள் கைக்கு எட்டின.

தென்னைக்காகக் குரல் கொடுக்கப் பல லட்சம் விவசாயிகள் இருந்தார்கள். நொச்சிக்கும் அமுக்கராவுக்கும் அந்தப் பலம் இல்லை. எனவே மூலிகை பயிரிடுவோர் மருந்துக்கடைக்கு ஓடுமுன், பூதக்கண்ணாடியால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது நல்லது. சந்தேகமிருந்தால் மருந்து படாத இலைகளைக் காகித உறையில் போட்டு, அருகிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்லலாம். பெயர் தெரிந்த பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.