தமிழிலும் கேட்டுப் பாருங்கள்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் வளரும் தமிழ்க் குழந்தையின் காதில் வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் ஆங்கிலம், மின்தூக்கியில் சீனமும் மலாயும் விழுகின்றன. நான்கு வயதாகியும் பேச்சு தெளியாவிட்டால், "தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்பார்கள் உறவினர்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. பல மொழி கேட்டு வளர்வதால் உச்சரிப்புக் கோளாறு வராது. தமிழை நிறுத்தினால் கோளாறு தீரவும் தீராது. பாட்டியோடு பேச மொழி இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

பெரும்பாலான மொழிகளில் ப, ம போன்ற ஒலிகள் முந்தி வரும். நாக்கை நுணுக்கமாக ஆளவேண்டிய ஒலிகள் பிந்தும். ஷரின் மெக்லியோட், கேத்ரின் க்ரோ ஆகியோர் 2018இல் 27 மொழிகளைச் சேர்ந்த 26,007 குழந்தைகள் பற்றிய 64 ஆய்வுகளைத் தொகுத்தனர். பெரும்பாலான மெய்யொலிகள் ஐந்து வயதுக்குள் கைவந்துவிடுவதைக் கண்டனர். மூன்று வயதில் 'ராஜா'வை 'லாஜா' என்றால் கவலை வேண்டாம். ஐந்தை நெருங்கியும் 'காக்கா'வைத் 'தாத்தா' என்றால் கவனிக்க வேண்டும்.

ஆனால் வேறுபாடெல்லாம் கோளாறல்ல. சிங்கப்பூரில் பெரியவர்களே பலர் 'த்ரீ'யை 'ட்ரீ' என்கிறார்கள். பல தமிழ் வீடுகளில் பழம் 'பளம்'தான். குழந்தை கேட்டதைச் சொல்கிறது. லண்டன் குழந்தைகளுக்கான அளவுகோலை வைத்தால் 'ட்ரீ' பிழையாகிவிடும். அதனால்தான் குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் சோதிக்க வேண்டும். உண்மையான கோளாறு பெரும்பாலும் ஏதோ ஒரு வடிவில் எல்லாவற்றிலும் தலைகாட்டும். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால், அந்த மொழி இன்னும் பழகவில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

கோளாறு இருக்குமோ என்று தோன்றினால், முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். நடுக்காதில் நீர் தேங்கினாலும் ஒலிகள் மங்கலாகவே கேட்கும். அண்ணப் பிளவும் காரணமாகலாம். பலருக்குக் காரணமே புலப்படாது. அவர்களுக்கும் பயிற்சி பலன் தரும். 'கட்டு', 'தட்டு' போன்ற இணைச் சொற்களைக் காட்டி, ஓர் ஒலி மாறினால் பொருளே மாறுவதைப் பேச்சு சிகிச்சையாளர் உணர்த்துவார்.

சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பெற்றோர் குழந்தையின் தமிழ்ப் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுபோகலாம். தாத்தா பாட்டி, ஆசிரியர், அந்நியர் ஆகியோரில் யாருக்கு எவ்வளவு புரிகிறது என்று குறித்துக் கொடுக்கலாம். பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொன்னால், தேவைப்படும்போது புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடத்துக்குப் பரிந்துரைப்பார். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று தொடக்கப்பள்ளி வரை தள்ளிப்போடாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் இதே ஒலிகள்தான் வேண்டும்.