சுற்றுக்குச் சுற்று கடிகாரம் பார்க்க வேண்டுமா?

‘டிராக் டே’ என்ற வார்த்தை உங்கள் வீட்டுக்குள் இன்னும் நுழையவில்லையா? கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே! வீட்டில் இருபது வயதுப் பிள்ளையும் வாசலில் ஒரு காரும் இருந்தால் சீக்கிரமே நுழைந்துவிடும். பந்தயம் இல்லாத நாட்களில், பணம் கட்டி, அவரவர் சொந்தக் காரையோ பைக்கையோ பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். பரிசு கிடையாது. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. எதிரே லாரி வராது, குறுக்கே எருமை வராது. எல்லோரும் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கு இந்தப் பைத்தியம் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலக யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களை என் பெரியப்பா கதை கதையாய்ச் சொல்வார். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகப் பாதை போட்டது. 1990-லிருந்து அங்கே ஓட்டம் நடக்கிறது. கோயம்புத்தூரில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்ப் பிள்ளை. 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கவும் முடியாது. சென்னைப் பெண் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓட்டியவர்.

நாங்கள் இருப்பது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில். என் மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவனும் அவன் சிநேகிதனும் பங்கு போட்டு ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை இருங்காட்டுக்கோட்டை போய் வந்தாயிற்று. முதல் தடவை போய் வந்த அன்று ராத்திரி போன் பண்ணினான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நான் கேட்பதற்கு முன்னால், “அம்மா, காலையிலே ஓட்டினதுக்கும் சாயங்காலம் ஓட்டினதுக்கும் எட்டு செகண்ட் குறைச்சிட்டேம்மா!” என்றான்.

எட்டு செகண்டில் நான் ஒரு வெங்காயம்கூட உரித்து முடிக்க மாட்டேன். அதற்கு இத்தனை சந்தோஷமா என்று தோன்றியது. ஆனால் பொங்கலுக்கு அவன் சிநேகிதர்களோடு வந்தபோது திண்ணையில் நடந்த வாக்குவாதத்தைக் கேட்டதும், இது விளையாட்டுப் பேச்சில்லை என்று புரிந்தது. நேரம் பார்க்காமல் ஓட்டினால் பெட்ரோலுக்குத்தான் நஷ்டம், ஒன்றும் கற்க முடியாது என்றது ஒரு கட்சி. கடிகாரத்தை உள்ளே விட்டாலே டிராக் டே போய்ப் பந்தயம் வந்துவிடும் என்றது இன்னொரு கட்சி. போளி தட்டிக்கொண்டே இரண்டு கட்சியையும் கேட்டேன். இரண்டாம் தடவை அவன் போனபோது நானும் என் கணவரும் கூடவே போய்ப் பார்த்தோம்.

போய்ப் பார்த்ததில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே முதலில் பேச்சுதான், அப்புறம்தான் ஓட்டம். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. நீலக் கொடி என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகத் திரும்பு. எந்த இடத்தில் முந்தலாம், எங்கே கூடாது என்றும் சொல்லிவிடுகிறார்கள். ஹெல்மெட், சீட் பெல்ட் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. ஒரு சுற்று மூன்றே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் வீட்டுக் கார்கள் அதைச் சுற்றி வர இரண்டு நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன.

கடிகாரக் கட்சி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. டயர் கிறீச்சிட, என்ஜின் அலற, வளைவில் கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே இருப்பவனுக்குப் பறக்கிற மாதிரி இருக்குமாம். கடிகாரமோ அந்தச் சுற்றுதான் மெதுவான சுற்று என்று காட்டும். சத்தமே இல்லாமல், சரியான இடத்தில் பிரேக் பிடித்து, வழவழவென்று வளைந்து போன சுற்றுதான் வேகமாக இருக்கும். டயர் தேய்ந்து வழுக்குவதில் வேகம் வீணாகிறது என்பதுதான் காரணம். பாத்திரத்தை உருட்டிக்கொண்டு சமைப்பவளைவிடச் சத்தமில்லாமல் சமைப்பவள் சீக்கிரம் முடிப்பதில்லையா? அந்த மாதிரிதான். மனசு பொய் சொல்லும், கடிகாரம் பொய் சொல்லாது என்பது இந்தப் பிள்ளைகளின் வாதம்.

எங்கள் மலையிலேயே அதற்கு ஒரு சாட்சி உண்டு. காவலூர் வானாய்வகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனபோது, நட்சத்திர வெளிச்சம் எந்தெந்த நொடியில் மங்கியது என்று அங்கேயும் பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது வெளியே வந்தது அன்றைய பதிவுகளால்தான். காவலூர்ப் பதிவும் அவற்றில் ஒன்று. நொடிக்கணக்குக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. ஆனால் நொடியைக் குறித்தவர்கள் குறிக்க மட்டும்தான் செய்தார்கள். நட்சத்திரத்தைத் துரத்திக்கொண்டு யாரும் ஓடவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு மற்றக் கட்சி ஞாபகம் வருகிறது. காரில் போனை ஒட்டிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எத்தனை நிமிஷம் எத்தனை செகண்ட் என்று அதைப் பார்க்கிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு செகண்டில் 28 மீட்டர் ஓடிவிடும். எங்கள் ஊர் பஸ் இரண்டரையை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம்! அத்தனை தூரம் ரோட்டைப் பார்க்காமல் போவதென்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றுமேட்டில் நடப்பது மாதிரி.

எண் கண்ணில் பட்டுவிட்டால் மனசு சும்மா இருப்பதில்லை. இன்னும் அரை செகண்ட், இன்னும் கால் செகண்ட் என்று ஆசை வரும். அதை எங்கே எடுப்பது? பிரேக்கைத் தள்ளிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டுக் காரின் பிரேக் பந்தயத்துக்குச் செய்ததல்ல. திரும்பத் திரும்ப அழுத்தினால் சூடு ஏறிப் பிடிப்புக் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சில சுற்று வேகமாக ஓட்டினால், அடுத்து ஒரு சுற்றை மெதுவாக விட்டு ஆற வைக்கிறார்கள். கடிகாரத்துக்கு அடிமையானவனுக்கு அந்த ஆறும் சுற்று நஷ்டமாகத் தெரியும்.

இங்கிலாந்தில் டிராக் டே நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நேரம் பார்க்கவே விடுவதில்லை. நேரம் பார்த்தால் அது போட்டியாகிவிடும், இன்ஷ்யூரன்ஸ் நிற்காது என்பது அவர்கள் கவலை. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மலைப்பாதை இருக்கிறது. பொதுமக்கள் பணம் கட்டி ஓட்டலாம், ஆனால் நேரம் கணக்கிடக் கூடாது என்று விதி. நம் வீட்டுக் கார் பாலிசியை எடுத்து, பொடி எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை என்று படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கு உபயோகித்தால் செல்லாது என்று போட்டிருக்கும். என் கணவர் எங்கள் பாலிசியை வாய்விட்டுப் படித்தபோது திண்ணையில் ஒரு சத்தமும் இல்லை.

இதெல்லாம் கேட்டுவிட்டு நான் எந்தக் கட்சி என்கிறீர்களா? கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்குச் சட்டென்று புரியும். மாதா மாதம் அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறிக்கிறார்களே, அது குழந்தைக்கு நல்லது. அதையே தினமும் மூன்று வேளை எடை போட்டால் என்ன ஆகும்? பால் குடித்தால் ஏறும், வெளிக்குப் போனால் இறங்கும். தாய்க்குத் தூக்கம் போகும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் கேட்கவே வேண்டாம். எடை பார்ப்பதில் தப்பில்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எதற்காக என்பதுதான் கேள்வி.

முதல் நாள் போகிறவன் கடிகாரத்தைத் தொடவே கூடாது என்பது என் அபிப்பிராயம். அன்றைக்குக் கொடிகளும் வளைவுகளும் தெரிந்தால் போதும். பழகின பிறகு நேரம் பார்க்கட்டும், ஆனால் பார்ப்பவன் ஓட்டுகிறவனாக இருக்க வேண்டாம். வெளியே நிற்கிற சிநேகிதன் ஸ்டாப் வாட்சில் குறித்து நோட்டில் எழுதட்டும். சாயங்காலம் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போது நோட்டைப் பிரிக்கலாம். அப்போதும் எது சின்ன எண் என்று தேடாமல், எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க வேண்டும். 2 நிமிஷம் 25, 24, 25 என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கை நின்றுவிட்டது. 31, 19, 35 என்றிருந்தால், அந்த 19-க்காகப் பாயசம் வைக்காதீர்கள். அது கற்றுக்கொண்டு வந்த 19 இல்லை, தப்பித்து வந்த 19.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த இருங்காட்டுக்கோட்டைப் பாதையிலேயே 2023 ஜனவரியில், பல வருஷம் பந்தயம் ஓட்டிப் பழகிய கே. இ. குமார் விபத்தில் இறந்தார். அதே ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பைக் பந்தயத்தில் போய்விட்டான். இரண்டும் டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக இருந்த முறையான பந்தயங்கள்.

எனக்கு நிஜமாகவே வயிற்றில் புளியைக் கரைத்தது டிராக்கில் நடந்த எதுவுமில்லை. இரண்டாவது டிராக் டேக்குப் பிறகு மகன் லீவில் ஊருக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, “போளூர்லேர்ந்து மேலே வர எவ்வளவு நேரம்னு பார்த்தேம்மா, போன தடவையை விட ஆறு நிமிஷம் குறைச்சல்!” என்றான்.

நான் தட்டு வைக்கவில்லை. “ஏண்டா, அந்த ஆறு நிமிஷத்தை எங்கேடா எடுத்தே?” என்று கேட்டேன். அவனுக்குப் பதில் வரவில்லை.

வேறு எங்கே எடுத்திருப்பான்? வளைவில்தான் எடுத்திருப்பான். எங்கள் மலைச்சாலையை நீங்கள் பார்த்ததில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருகிறதா என்பது ஹாரன் கேட்டால்தான் தெரியும். சாமை மூட்டையோ விறகோ தலையில் சுமந்துகொண்டு பெண்கள் ஓரமாக நடந்து வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். ராத்திரியில் மாடு நடு ரோட்டில் படுத்திருக்கும். மணிக்கு 40-ல் போகும்போது பிரேக் பிடித்து நிற்க எவ்வளவு தூரம் வேண்டுமோ, 60-ல் போனால் அதைப்போல இரண்டே கால் மடங்கு வேண்டும். இறக்கத்தில் இன்னும் ஜாஸ்தி. இங்கே மஞ்சள் கொடி காட்ட ஆள் கிடையாது. அடிபட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கித்தான் போக வேண்டும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் அரசாங்க அனுமதி இல்லாமல் வண்டிகள் பந்தயமோ வேகப் பரீட்சையோ வைத்துக்கொண்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-ல் கடுமையாக்கினார்கள். சிநேகிதர்கள் ஒருவர் பின் ஒருவராக மலையேறி நேரத்தை ஒப்பிட்டுக்கொள்வதற்கு வேறு பெயர் இல்லை.

அன்றைக்கு ராத்திரி அப்பாவும் பிள்ளையும் ரொம்ப நேரம் பேசினார்கள். காரில் போன் ஒட்டுகிற பிடியை அவனே கழற்றி அலமாரியில் வைத்தான். டிராக்குக்குப் போகும்போது நோட்டு, மலைக்கு வரும்போது ஒன்றும் கிடையாது என்று ஏற்பாடு. அவன் சிநேகிதன் மட்டும், “ஆன்ட்டி, சும்மா தெரிஞ்சுக்கத்தானே பார்க்கிறோம்” என்று இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறான். முனகட்டும்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. ரோட்டில் காட்டுகிற வேகத்தை அங்கே போய்க் காட்டட்டும் என்றுதான் அனுப்புகிறேன். அனுப்பும்போது வெறும் வயிற்றோடு விடாதீர்கள். வெயிலில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சூடான காருக்குள் உட்கார்ந்தால் சட்டை பிழிகிற மாதிரி வேர்க்கும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் கவனம் சிதறும், தலை சுற்றும். காலையில் இட்லி, மதியம் அளவாகத் தயிர்சாதம் போதும், பிரியாணி வேண்டாம். நிறைய நீர்மோர் கொடுத்தனுப்புங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டிப் போட்டுக் கரைத்து ஒரு பாட்டிலில் தனியாக வைத்தால், ரொம்ப வேர்த்தவர்களுக்கு உதவும். சாயங்காலக் கடைசி ஓட்டத்தில் கை கால் அசந்திருக்கும். அதற்கு முன்னால் ஒரு டம்ளராவது குடித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். அசதியாக இருந்தால் அந்த ஓட்டத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். நோட்டில் அந்த வரி காலியாகவே இருக்கட்டும்.