சென்ட்ரலுக்கு மூத்தது

மாதவரம் வாசகர் ஒருவர் கடிதத்தில் ஒரே வரியில் கேட்டிருந்தார்: மெட்ராஸின் முதல் ரயில் சென்ட்ரலிலிருந்துதானே கிளம்பியது?

இல்லை. மூலக்கடை தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் அந்த ஸ்டேஷனே நிற்கிறது. ராயபுரம். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு, பொதுமக்களுக்கான ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். சென்ட்ரல் வந்ததோ 1873-ல்.

இதில் சுவையான சங்கதி பெட்டிகள். எஞ்சின் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. பெட்டிகளைச் செய்தது மெட்ராஸின் சிம்ப்சன் கம்பெனி. 1840-ல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்குத் தொழிலே குதிரை வண்டி கட்டுவது. எண்ணூரில் சேசிஸ் வாங்கி, பட்டறையில் கொண்டுபோய் லாரிக்கு பாடி கட்டுகிறார்களே, ஏறக்குறைய அந்தக் கதைதான். அக்கால ரயில்பெட்டியும் இரும்புச் சக்கரங்களின்மேல் சாரட்டைத் தூக்கி வைத்த மாதிரிதான் இருக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையிலிருந்து 2018-ல் வந்தே பாரத் புறப்பட்டதற்கு ஊரே கைதட்டியது. அதற்கு 162 ஆண்டு முன்பே இந்த ஊர்க் கைகள் ரயில்பெட்டி செய்துவிட்டன. அதைச் சொல்லி ஸ்டேஷன் வாசலில் ஒரு பெரிய பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ராயபுரத்துக்கு முன்பே பம்பாயிலும் ஹௌராவிலும் ஸ்டேஷன்கள் இருந்தன. அவற்றில் கூட்டம் பெருகப் பெருக, பழையதை எடுத்துவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். ராயபுரத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. கூட்டம் சென்ட்ரலுக்குப் போய்விட்டதால் இடிக்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை. துணைக்கண்டத்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெயர் அதற்கு அப்படிக் கிடைத்ததுதான்.

ஆனால் மறதி காப்பாற்றும், பராமரிக்காது. சீரழிந்து கிடந்ததைப் பழுதுபார்த்து, 2005 அக்டோபர் 2-ல் ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் மீண்டும் திறந்துவைத்தார். சென்னையின் மூன்றாவது முனையம் இங்கேதான் வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் பல காலம் கேட்டார்கள். கிடைத்தது தாம்பரத்துக்கு.

இப்போது கும்மிடிப்பூண்டி லோக்கல் இங்கே நிற்பது அரை நிமிடம். காசிமேட்டு மீன்கார அம்மா கூடையை வெண்டர் பெட்டிக்குள் தள்ளி, தானும் ஏறுவதற்குள் ஹாரன் அடித்துவிடுகிறது. இந்தப் பழைய கட்டடத்தின் தூணையெல்லாம் அண்ணாந்து பார்க்க அவருக்கு ஏது நேரம்?